இங்கிலாந்தில் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்தால்

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரில் என் சித்தப்பாவுக்குச் சொந்தமாக இருந்த வரிசை வீடு, அவர் 2021 இலையுதிர்காலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குச் சென்றதிலிருந்து 2026 தொடக்கத்தில் ஒரு குடும்பம் அங்கே குடிவரும் வரை பூட்டியே கிடந்தது. அதை மீண்டும் ஆட்கள் வாழும் வீடாக்கி முடிப்பதற்குள் ஏறத்தாழ 7,700 பவுண் வீணாகப் போயிற்று. திருத்த வேலைக்குச் செலவழித்ததை நான் இதில் சேர்க்கவில்லை. அந்தப் பணம் வீட்டிலேயே இருக்கிறது. நான் சொல்வது, உரிய காலத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையை விட்டுப் போயிருக்காத பணத்தை. முதல் தலைமுறையாக இந்த நாட்டுக்கு வந்து, இரவு பகலாக வேலை செய்து வீடு வாங்கிய நம்மவர்கள் இப்போது முதுமையடைந்து வருகிறார்கள். பிள்ளைகள் ஒரு நகரிலும் உடன்பிறந்தவர்கள் வேறு நாட்டிலும் இருக்க, பெற்றோரின் வீடோ உறவினரின் வீடோ பூட்டிக் கிடக்கும் நிலை இனிப் பல குடும்பங்களுக்கு வரும் என்பதால், நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தி முன்பே காலமாகிவிட்டார். வீட்டை எனக்கும் டொரொன்டோவில் வசிக்கும் என் அக்காவுக்கும் சரிபாதியாக எழுதி, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். அவர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த காலத்தில் வீட்டுக்கு, உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் அறவிடும் கவுன்சில் வரி வரவில்லை, ஏனென்றால் உரிமையாளர் நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்தால் அவர் விட்டுச் சென்ற வீட்டுக்கு 'கிளாஸ் ஈ' என்ற விலக்கு உண்டு. 2023 வசந்த காலத்தில் அவர் காலமான பிறகும் வரி வரவில்லை. அது 'கிளாஸ் எஃப்' என்ற வேறொரு விலக்கு: உயிலை உறுதிப்படுத்தும் புரோபேட் பத்திரம் கிடைக்கும் வரையும், கிடைத்த பின் மேலும் ஆறு மாதங்கள் வரையும் அது நீடிக்கும். ஆனால் அந்த ஆறு மாதமும் வீடு இறந்தவரின் சொத்தாகவே இருக்க வேண்டும். அதற்குள் வாரிசுகளின் பெயருக்கு மாற்றிவிட்டால் விலக்கு அன்றே முடிந்துவிடும். எங்களுக்குப் புரோபேட் 2023 டிசம்பரில் கிடைத்தது. அந்த நாளிலிருந்து ஒரு காலக்கெடு ஓடத் தொடங்குகிறது என்பதைச் சட்டத்தரணியும் சொல்லவில்லை, கவுன்சிலிலிருந்து வந்த கடிதத்திலும் அது கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே புரோபேட் பத்திரம் கையில் கிடைத்த அன்றே, அதன் திகதியிலிருந்து ஆறு மாதங்களை எண்ணி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

அதற்கு அடுத்த மாதமே முதல் அடி விழுந்தது. 2024 ஜனவரியின் உறைபனியில் மேல்மாடிக் குழாய் ஒன்று வெடித்து, பின்னறையின் கூரைத்தட்டு முழுவதும் கீழே விழுந்து, தண்ணீர் கீழ்த்தளம் வரை இறங்கியிருந்தது. சுவரோடு ஒட்டிய பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் சுவரில் ஈரம் ஏறுவதைக் கண்டு தொலைபேசியில் அழைத்திராவிட்டால் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ தெரியாது. காப்புறுதிப் பணம் ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகக் கட்டப்பட்டுத்தான் வந்தது, அதனால் அந்த இரவு நான் அதிகம் கலங்கவில்லை. இரண்டு வாரங்களில் நிறுவனம் கையை விரித்தது. வீடு 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் தண்ணீர்க் கசிவு, திருட்டு, வேண்டுமென்றே செய்யப்படும் சேதம் ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை என்பது ஒப்பந்தத்தின் நிபந்தனைகளுக்குள் இருந்தது. கூரைத்தட்டையும் மின்கம்பிகளையும் சீராக்க 4,600 பவுண் என் கையிலிருந்து போயிற்று. பணத்தைவிட, சித்தப்பா ஒரு நாளும் தவறாமல் கட்டிவந்த காப்புறுதி அவருடைய வீட்டுக்கு உதவாமல் போனதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

சாதாரண வீட்டுக் காப்புறுதிகளில் பெரும்பாலானவை 30 அல்லது 60 நாட்களுக்கு மேல் ஆளில்லாத வீட்டை முழுமையாகக் காப்பதில்லை. ஆளில்லாத வீடுகளுக்கென்றே தனிக் காப்புறுதி விற்கிறார்கள்; விலை கூடுதல்தான், ஆனால் அதுவே உண்மையில் பயன்படும். அதை வாங்கும்போதும் நிபந்தனைகளை வாசியுங்கள், ஏனென்றால் குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்திக் குழாய்களை முற்றாக வடிக்க வேண்டும், அல்லது வெப்பமூட்டியைக் குறைந்த அளவிலாவது ஓடவிட வேண்டும், யாராவது குறித்த இடைவெளியில் சென்று பார்த்து அதை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்பார்கள். எழுத்தில் இல்லாத வருகையை வராததாகவே கணக்கெடுப்பார்கள். வீட்டுக்கு அருகில் இருக்கும் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் உள்ளே சென்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அதுவே பதிவாகிவிடும்.

2024 ஜூலையில் வந்த கவுன்சில் வரிக் கடிதத்தைப் பார்த்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். அந்த வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,750 பவுண் வரி. எனக்கு வந்த கணக்கு அதைப்போல் இரு மடங்கு. தொலைபேசியில் பேசிய அலுவலர் மரியாதையாகவே பேசினார், ஆனால் அவரிடமிருந்து வந்தது ஒரே பதில்தான்: நீண்ட காலம் வெறுமையாகக் கிடக்கும் வீட்டுக்கு மேலதிக வரி உண்டு. நாங்கள் துக்கத்தில் இருந்தோம், கூரைத்தட்டு விழுந்துகிடந்தது, அக்கா கண்டத்துக்கு அப்பால் இருந்தார் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. 2024 ஜூலை முதல் 2025 மார்ச் வரை மேலதிக வரி மட்டுமே சுமார் 1,300 பவுண் கட்டினேன்.

இந்த மேலதிக வரியைப் பற்றிச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 1 முதல், ஒரு வீடு தளபாடங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்ட நிலையில் ஓராண்டு வெறுமையாக இருந்தாலே கவுன்சில் 100 வீதம் வரை மேலதிக வரி விதிக்கலாம். அதற்கு முன் இந்தக் கால அளவு இரண்டு ஆண்டுகளாக இருந்தது. ஐந்து ஆண்டுகள் கடந்தால் 200 வீதம் வரையும், பத்து ஆண்டுகள் கடந்தால் 300 வீதம் வரையும் கூட்டலாம். இதில் பலரும் அறியாத செய்தி என்னவென்றால், இந்த ஆண்டுகள் வீடு வெறுமையான நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. உங்கள் பெயருக்கு வந்த நாளிலிருந்து அல்ல. எங்கள் வீட்டுத் தளபாடங்களை 2021 முடிவதற்குள் உறவினர்கள் அகற்றிவிட்டார்கள். ஆகவே விலக்கு முடிந்த மறுநாளே ஓராண்டு எல்லையைத் தாண்டிய வீடாக அது கணக்கெடுக்கப்பட்டது, 2026 முடிவதற்குள் ஐந்தாண்டு எல்லையும் எங்களைப் பிடித்துவிடும் நிலையில் இருந்தது. ஏலத்தில் பழைய வீடு வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: முன்னைய உரிமையாளர் வெறுமையாக விட்ட ஆண்டுகளும் சேர்ந்தேதான் உங்களிடம் வருகின்றன. வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் விதிகளும் வீதங்களும் வேறு. அங்கே வீடு இருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த இலையுதிர்காலத்தில் கவுன்சிலின் வேறொரு பிரிவிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பின்தோட்டம் காடாகிவிட்டதென்றும், கூரை விளிம்பின் தண்ணீர்ப் பீலி தொங்குவதாகவும் முறைப்பாடு வந்திருப்பதாகக் கூறி, 1990 ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடல் சட்டத்தின் 215 ஆம் பிரிவின்படி அறிவித்தல் அனுப்ப நேரிடலாம் என்று அதில் எழுதியிருந்தது. கடிதத்தின் கடைசிப் பந்தியில் கட்டாயக் கொள்வனவு பற்றியும் வெற்று வீட்டு மேலாண்மை ஆணை பற்றியும் இரண்டு வரிகள் இருந்தன. அதை வாசித்த இரவு நான் தூங்கவில்லை. ஊரில் காணி பறிபோன அனுபவம் உள்ள குடும்பம் எங்களுடையது. அரச முத்திரையோடு வரும் கடிதத்தில் 'எடுத்துக்கொள்ளல்' என்ற பொருளில் ஒரு சொல் இருந்தாலே நெஞ்சு அடைத்துவிடுகிறது. அத்தான் தொலைபேசியில், "கிடைச்ச விலைக்குக் குடுத்துப்போட்டு வாரும், உமக்கேன் இந்தத் தலையிடி" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் தண்ணீரில் ஊறிக்கிடந்த வீட்டுக்குக் கேட்கப்பட்ட விலை, நல்ல நிலையில் இருக்கும் பக்கத்து வீட்டின் விலையில் பாதிக்குச் சற்று மேலேதான் இருந்தது.

அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை இருந்தது என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். 215 ஆம் பிரிவின் அறிவித்தல் வீட்டின் வெளித்தோற்றத்தைச் சீர்செய்யச் சொல்வது மட்டுமே. செய்யாவிட்டால் கவுன்சில் தானே செய்து செலவை உங்களிடம் அறவிடலாம், வழக்கும் தொடரலாம். வெற்று வீட்டு மேலாண்மை ஆணை 2004 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. வீடு குறைந்தது இரண்டு ஆண்டுகள் வெறுமையாக இருந்திருக்க வேண்டும், அயலவருக்குத் தொல்லையாகவும் இருக்க வேண்டும், நியாயசபையின் அனுமதியும் வேண்டும். அப்போதும் உரிமை உங்களிடமே இருக்கும், குறித்த காலத்துக்கு வீட்டை நடத்தும் பொறுப்பு மட்டுமே கவுன்சிலுக்குப் போகும். அது மிக அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது. கட்டாயக் கொள்வனவு கடைசி வழி. ஒரு வீட்டுக்காரர் பதில் எழுதி, திட்டம் ஒன்றைச் சொல்லி, சிறிதாவது வேலை நடப்பதைக் காட்டினால் பெரும்பாலும் இவை எதுவும் தொடங்கப்படுவதில்லை. கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விடுவதுதான் உண்மையான ஆபத்து. நான் தோட்டத்தை வெட்டுவித்துப் படம் அனுப்பியதோடு அந்தப் பிரிவு அமைதியாகிவிட்டது.

ஆனால் வரியும் கடிதமும் சேர்ந்து கொடுத்த அவசரத்தில், கிடைத்த முதல் பில்டரோடு வேலை தொடங்கிவிட்டது. அவர் முழு வேலைக்கும் 42,000 பவுணும் அதன் மேல் 20 வீதம் பெறுமதி சேர் வரியும் (வற்) என்று விலை கொடுத்திருந்தார். முதல் கட்டமாகப் பழையதை உடைத்து அகற்றி, கூரையையும் ஈரமான சுவர்களையும் சீராக்கியதற்கு 12,000 பவுணும் அதற்கான வற் 2,400 பவுணும் கட்டப்பட்டன. அந்தக் கட்டம் முடிந்த சமயத்தில்தான், வேலைத்தளத்தில் குப்பைக் கொள்கலன் வைப்பதற்கான அனுமதி கேட்டுக் கவுன்சிலுக்குப் போனபோது, வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் "எங்கள் எம்ப்டி ஹோம்ஸ் ஒஃபிசரோடு பேசினீர்களா?" என்று கேட்டார். அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதையே அன்றுதான் கேள்விப்பட்டேன். வரிப் பிரிவிலிருந்து வந்த கடிதங்களிலோ தோட்டத்தைப் பற்றிய கடிதத்திலோ அவருடைய பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

எல்லாக் கவுன்சிலிலும் இல்லாவிட்டாலும் பல கவுன்சில்களில் வெற்று வீட்டு அலுவலர் ஒருவர் இருக்கிறார். சில இடங்களில் தனியார் வீடமைப்புப் பிரிவுக்குள்ளோ சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்குள்ளோ இருப்பார். வெறுமையான வீடுகளை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதே அவருடைய வேலை என்பதால், நீங்கள் வெற்றி பெற்றால்தான் அவருடைய கணக்கிலும் ஒரு வீடு ஏறும். எனக்கு வாய்த்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. வீட்டுக்கு வந்து, ஒவ்வோர் அறையாகப் பார்த்து, முடிவில் சமையலறைப் படியில் அமர்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "பில்டருக்கு எத்தனை வீதம் வற் கட்டுகிறீர்கள்?" என்பதுதான். நான் சொன்னதும் அவர் முகம் சுருங்கிய விதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது.

வேலை தொடங்குவதற்கு முன் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகள் யாரும் வசிக்காத வீட்டைப் புதுப்பிக்கும்போது, வற் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் 20 வீதத்துக்குப் பதிலாக 5 வீதம்தான் அறவிட வேண்டும். வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யின் 708 ஆம் இலக்க வற் அறிவித்தலில் இது தெளிவாக இருக்கிறது. வீடு இரண்டு ஆண்டுகள் வெறுமையாக இருந்தது என்று வெற்று வீட்டு அலுவலர் உறுதிசெய்து ஒரு கடிதம் கொடுத்தால், ஒப்பந்தக்காரருக்கு வேறு சான்று தேவையில்லை. இந்தச் சலுகைக்குச் சில எல்லைகள் உண்டு. நீங்களே கடையில் வாங்கும் பொருளுக்கு 20 வீதம்தான். அதே பொருளை ஒப்பந்தக்காரர் வாங்கிப் பொருத்திக் கொடுத்தால் 5 வீதம். கதவு, ஜன்னல், பொய்லர், சமையலறை அலுமாரிகள் போன்றவை இதற்குள் வரும். தரைவிரிப்பும் பெரும்பாலான சமையல் மின்சாதனங்களும் வராது. கட்டடக் கலைஞர், அளவையாளர் ஆகியோரின் கட்டணத்துக்கும், சாரத்தைத் தனியாக வாடகைக்கு எடுப்பதற்கும் முழு வற் உண்டு. வற் பதிவே இல்லாத சிறு பில்டரிடம் போனால் அவர் உங்களிடம் வற் கேட்க மாட்டார், ஆனால் தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய 20 வீதத்தை விலைக்குள் சேர்த்துத்தான் சொல்வார்; ஆகவே இரு வகை விலைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேல் வெறுமையாக இருந்த வீட்டுக்கு இதைவிடப் பெரிய சலுகைகளும் இருக்கின்றன. அந்த நிலையில் இருப்பவர்கள் வேலை தொடங்குமுன் கணக்காளர் ஒருவரிடம் கேட்பது நல்லது.

என் பில்டருக்கு அலுவலரின் கடிதத்தையும் அறிவித்தலின் பகுதியையும் அனுப்பினேன். 12,000 பவுணுக்கு 5 வீதம் என்றால் 600 பவுண். நான் கட்டியது 2,400. மீதி 1,800 பவுணைத் திருப்பித் தரும்படி கேட்டேன். தன் கணக்காளர் 20 வீதம்தான் சரி என்கிறார் என்று முதலில் சொன்னார். பிறகு பார்ப்போம் என்றார். பிறகு அழைப்பையே எடுக்கவில்லை. தவறாக அறவிடப்பட்ட வற்றை எச்.எம்.ஆர்.சி. வாடிக்கையாளருக்கு நேரே திருப்பித் தருவதில்லை, அறவிட்டவரிடம்தான் கேட்க வேண்டும். சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அலுவலர் சொன்னார். எனக்கு அப்போது அதற்கான தெம்பு இருக்கவில்லை. அந்த 1,800 பவுண் போனது போனதுதான். அடுத்த பில்டரிடம் விலை கேட்கும் முதல் மின்னஞ்சலிலேயே கடிதத்தை இணைத்து, விலைப்பத்திரத்தில் 5 வீதம் என்று எழுதித் தந்தால்தான் பேசுவேன் என்றேன். மீதமிருந்த 30,000 பவுண் வேலைக்கு 6,000 பவுணுக்குப் பதிலாக 1,500 பவுண் வற் கட்டினேன்.

அலுவலர் எங்கள் முன் வைத்த வழிகள் மூன்று. முதலாவது, இருக்கும் நிலையிலேயே விற்பது. வெற்று வீடு வாங்க விரும்புவோரின் பட்டியல் ஒன்று அவரிடம் இருந்தது, முகவர் கட்டணம் இல்லாமல் அறிமுகம் செய்துவைப்பார். இரண்டாவது, திருத்திய பின் கவுன்சிலுக்கே சில ஆண்டுகளுக்குக் குத்தகைக்குக் கொடுப்பது. வாடகை குறைவு, ஆனால் வீடு காலியாக இருக்கும் மாதத்துக்கும் பணம் வரும். மூன்றாவது, வட்டியில்லாக் கடன் பெற்றுத் திருத்தி, கவுன்சில் அனுப்பும் குடும்பத்துக்கு, வருமானம் குறைந்தவர்களின் வாடகைக்கு அரசு தரும் உள்ளூர் வீட்டு உதவித் தொகைக்கு ஒத்த வாடகைக்கு ஐந்து ஆண்டுகள் கொடுப்பது. இத்தகைய கடன் திட்டங்கள் நாடெங்கும் ஒரே மாதிரி இல்லை. கென்ட் கவுண்டி கவுன்சில் 2005 முதல் 'நோ யூஸ் எம்ப்டி' என்ற பெயரில் பெரிய அளவில் நடத்திவருகிறது. சில கவுன்சில்கள் மானியம் கொடுக்கின்றன. சிலவற்றிடம் ஆலோசனையைத் தவிர வேறொன்றும் இல்லை. 'அக்‌ஷன் ஒன் எம்ப்டி ஹோம்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் இந்தத் துறையில் நாடளாவிய அளவில் இயங்குகிறது. நாங்கள் மூன்றாவது வழியைத் தெரிவு செய்தோம். கடன் 20,000 பவுண். ஐந்து ஆண்டு முடிவிலோ வீட்டை விற்கும்போதோ, எது முந்துகிறதோ அப்போது திருப்பிக் கட்ட வேண்டும்.

வட்டியில்லாக் கடன் என்றதும் மனம் குளிர்ந்துவிடும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதன் நிபந்தனைகள் சில்லறையானவை அல்ல. ஒப்புதல் கிடைக்குமுன் தொடங்கிய வேலைக்கு ஒரு சதமும் கிடையாது. ஆகவே முதல் பில்டர் செய்த 12,000 பவுண் வேலை முழுவதும் திட்டத்துக்கு வெளியே போயிற்று. பணம் முன்கூட்டி வராது. ஒரு கட்டம் முடிந்து, அலுவலர் வந்து பார்த்து, விலைப்பட்டியலைச் சரிபார்த்த பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான பணம் வரும். பில்டரோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கையை நீட்டுவார். இந்த இடைவெளியை நிரப்பச் சில ஆயிரம் பவுண் கையில் இல்லாதவர்கள், கட்டங்களைச் சிறிதாகப் பிரிக்கும்படி அலுவலரிடமும், பணம் வரும் நாளுக்கேற்பக் காத்திருக்க ஒப்புக்கொள்ளும்படி பில்டரிடமும் தொடக்கத்திலேயே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். நான் அக்காவிடம் கைமாற்று வாங்கிச் சமாளித்தேன்.

கடனுக்கு ஈடாக வீட்டின் மீது கவுன்சிலின் பெயரில் அடமானத்தைப் போன்ற பொறுப்பு ஒன்று காணிப் பதிவகத்தில் பதியப்படும். அதற்குப் புரோபேட் மட்டும் போதாது, வீடு எங்கள் இருவர் பெயருக்கும் மாற்றப்பட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். மிகவும் இழுபட்டது இந்த இடத்தில்தான். அக்கா டொரொன்டோவில் ஒரு நொத்தாரிசுவிடம் போய் அடையாளத்தை உறுதிப்படுத்தி அனுப்பிய பத்திரம், சாட்சியின் முகவரி முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பியபோது அவருடைய கடவுச்சீட்டில் உள்ள பெயரும் உயிலில் உள்ள பெயரும் பொருந்தவில்லை: ஒன்றில் அப்பாவின் பெயர், மற்றதில் அத்தானின் பெயர். நம்மிடையே இது வெகு சாதாரணம். இங்குள்ள அலுவலகங்களுக்கோ இரண்டும் இரண்டு ஆட்கள். திருமணப் பதிவும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் கொடுத்துச் சரிசெய்வதற்குள் வசந்தம் கடந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பங்காளி உங்களுக்கு இருந்தால், பில்டரைத் தேடுவதற்கு முன்பே அவருடைய பெயர் எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீட்டின் மேல் வங்கி அடமானம் இருந்தால், வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

வேலையைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை, ஒன்றிரண்டைத் தவிர. பிரித்தானியாவில் அஸ்பெஸ்டஸ் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1999 இல்தான் என்பதால், அதற்கு முந்திய வீடுகளில் கோலமிட்டதுபோல் பூசப்பட்ட கூரைத்தட்டுப் பூச்சில் அது இருக்கக்கூடும். ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பச் சில பத்துப் பவுண்தான் ஆகும். சுத்தியலை எடுக்குமுன் அதைச் செய்ய வேண்டும். வாடகைக்குக் கொடுக்கும் வீட்டின் ஆற்றல் சான்றிதழ் குறைந்தது 'ஈ' தரத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீடு 'எஃப்' தரத்தில் இருந்தது. பரணில் 270 மில்லிமீற்றர் கனத்துக்கு வெப்பக் காப்பு விரித்ததும் புதிய பொய்லரும் அதை 'டி' வரை உயர்த்தின. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் மின்கம்பிச் சான்றிதழ், ஆண்டுதோறும் எடுக்கும் எரிவாயுச் சான்றிதழ், ஒவ்வொரு மாடியிலும் புகை எச்சரிக்கைக் கருவி, பொய்லர் இருக்கும் அறையில் கார்பன் மொனொக்சைட் கருவி ஆகியவை இல்லாமல் அலுவலர் கடைசிக் கட்டப் பணத்தை விடுவிக்க மாட்டார்.

இதற்கிடையில் மேலதிக வரியிலிருந்து விடுபட ஒரு வழி திறந்தது. இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் 1 முதல், பெரிய திருத்த வேலை தேவைப்படும் அல்லது நடந்துகொண்டிருக்கும் வெற்று வீட்டுக்கு 12 மாதங்கள் வரை மேலதிக வரி கிடையாது. விற்பனைக்கோ வாடகைக்கோ உண்மையாக விளம்பரம் செய்யப்பட்டிருக்கும் வீட்டுக்கும், புரோபேட் கிடைத்து 12 மாதங்களுக்குள் இருக்கும் வீட்டுக்கும் இதுபோன்ற விதிவிலக்கு உண்டு. ஆனால் இவை மேலதிகத் தொகையை மட்டுமே நீக்கும். வழக்கமான வரியைக் கட்டத்தான் வேண்டும். வரிப் பிரிவு இதைத் தானாகச் செய்யவில்லை. வெற்று வீட்டு அலுவலர் சொல்லித்தான் விண்ணப்பித்தேன். பில்டரின் வேலைப் பட்டியலையும் உடைந்த கூரைத்தட்டின் படங்களையும் இணைத்தேன். முதல் விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. அதே கட்டடத்தின் ஒரு மாடியில் உதவி செய்பவரும் இன்னொரு மாடியில் தண்டம் விதிப்பவரும் இருக்க, இருவருக்கும் இடையில் தபால்காரர் வேலையை வீட்டுக்காரரே பார்க்க வேண்டியிருப்பது எனக்கு இன்றும் விளங்காத நிர்வாகம். இரண்டாவது விண்ணப்பத்தில் அலுவலரின் மின்னஞ்சலையும் சேர்த்தபோது ஏப்ரல் 1 இலிருந்து மேலதிக வரியை நீக்கினார்கள்.

2026 தொடக்கத்தில், தற்காலிக விடுதி ஒன்றில் இருந்துவந்த ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் குடிவந்தார்கள். வாடகை, சந்தையில் கிடைக்கக்கூடியதைவிட மாதம் ஏறத்தாழ 150 பவுண் குறைவு. அது ஆண்டுக்கு 1,800 பவுண் என்பதை அக்காவுக்குக் கணக்கிட்டுக் காட்டினேன். அதே 20,000 பவுணை வங்கியில் கடன் வாங்கியிருந்தால் கட்டியிருக்க வேண்டிய வட்டியையும் காட்டினேன். வங்கி வட்டியைவிட இதில் இழப்பது சற்றுக் கூடுதலாகவே வரலாம், ஆனால் பழுதான வீட்டுக்கு நாங்கள் கேட்ட வங்கிகள் கடன் தரவே முன்வரவில்லை என்பதால் அந்த ஒப்பீடு காகிதத்தில் மட்டுமே இருந்தது. உடனடியாகக் கூடிய வாடகை வேண்டும் என்பவருக்கும், ஓரிரு ஆண்டுகளில் விற்க நினைப்பவருக்கும் இந்தக் கடன் பொருந்தாது. இடையில் விற்றால் முழுத் தொகையும் விற்பனைப் பணத்திலிருந்தே கழிக்கப்படும். 2031 இல் எங்கள் தவணை முடிகிறது. வாடகையிலிருந்து மாதம் 330 பவுணைத் தனிக் கணக்கில் போட்டுவருகிறேன். அந்தக் கணக்கு அக்காவின் பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது, இருவர் கையெழுத்தும் இல்லாமல் எடுக்க முடியாது.